காலுறைக் கத்தி

எங்கள் வீட்டு மாடி அறையில் ஆறு குளிர்காலம் தங்கியிருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஒரு மார்கழிக் காலையில் தூக்கத்திலேயே இறந்துபோனார். தினமும் ஏழு மணிக்குப் பால் வாங்கக் கீழே வருகிறவரை எட்டரை வரைக்கும் காணவில்லை என்று நான்தான் போய்ப் பார்த்தேன். முப்பது வருஷம் அரசு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பார்த்தவள் நான். கையைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. போலீஸ், தூதரகம், பேப்பர், கையெழுத்து என்று எதையெதையோ யோசித்துக்கொண்டு கீழே வந்தால், என் வீட்டுக்காரர் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“அவிட்டம்டி,” என்றார். “போச்சு.”

அவிட்ட நட்சத்திரத்தில் உயிர் போனால், போன இடத்தை ஆறு மாதம் பூட்டி வைக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அடைப்பு என்பார்கள். பூட்டாவிட்டால் போனவர் திரும்பத் திரும்ப வருவார், வீட்டில் இன்னொரு உயிரையும் கேட்பார் என்று ஒரு பேச்சு. எனக்கு இதிலெல்லாம் கடுகளவும் நம்பிக்கை கிடையாது என்று தெருவுக்கே தெரியும். “அவருக்கு நட்சத்திரம்னா என்னான்னே தெரியாது, எப்படிங்க வருவாரு?” என்று கேட்டேன். “செத்தது நம்ம ஊட்லதானே,” என்றார் அவர். அதோடு பேச்சு முடிந்தது.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு நான் மறுபடி மேலே போனபோது எதிர்வீட்டுக்காரம்மா அறை வாசலில் நின்றுகொண்டு, “தனியா விட்டுட்டுப் போனியே, இரும்பு ஏதாச்சும் வெச்சியா?” என்று அதட்டினாள். பிணத்தைத் தனியாக விடும்போது மேலே இரும்பு வைப்பது வழக்கம். கீழே போய் அரிவாள்மணை தூக்கி வர எனக்குப் பொறுமை இல்லை. அவருடைய மேஜையின் மேல் மடித்து வைத்த கம்பளிக் காலுறைகள் இருந்தன. அவற்றின் மேல் அந்தச் சின்னக் கத்தி இருந்தது. உறையோடு எடுத்து அவர் மார்பின் மேல் வைத்தேன்.

அந்தக் கத்தியைத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். வருஷத்தில் ஒரே ஒரு நாள், கார்த்திகை தீபத்தன்று, அவர் தன் ஊர் உடுப்பைப் போட்டுக்கொள்வார். கட்டம் போட்ட கம்பளிப் பாவாடை, இடுப்புக்கு முன்னால் தொங்கும் தோல் பை, முழங்கால் வரை ஏறிய காலுறை, வலது காலுறையின் ஓரத்தில் இந்தக் கத்தி. பிடி மட்டும் வெளியே தெரியும். கறுப்பு மரப் பிடி, பாய் பின்னியதைப் போலச் செதுக்கியது, உச்சியில் தேன் நிறத்தில் ஒரு கல். அவர்கள் பாஷையில் ஸ்கியன் டு என்று சொல்ல வேண்டும், கறுப்புக் கத்தி என்று அர்த்தம். அந்தக் கூட்டத்தில் கத்தியோடு கிரிவலம் போனால் போலீஸ் சும்மா விடாது என்பதால் மொட்டை மாடியிலேயே நிற்பார். சாயங்காலம் மலை உச்சியில் தீபம் ஏறியதும் நேராக நிமிர்ந்து நின்று ஒரு சல்யூட் அடிப்பார். கீழே தெருவே கைதட்டும்.

போலீஸ்காரர் வந்தபோது பிணத்தின் மேல் கத்தி இருந்தது. வேறு எந்த ஊரிலாவது இருந்தால் என்னை அங்கேயே உட்கார வைத்து விசாரித்திருப்பார்கள். “இரும்புக்காக வெச்சதுங்க,” என்றேன். “சரி, சரி, இருக்கட்டும்,” என்று அவரே தலையாட்டினார். பாஸ்போர்ட்டையும் போனையும் பட்டியல் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். அவருடைய மகன் ஊரிலிருந்து போனில் சம்மதம் சொன்னதால் தகனம் இங்கேயே நடந்தது. உடலைத் தூக்கியபோது கத்தியைக் கட்டிலிலேயே விட்டேன். கோயில் குருக்கள் ஒருவர் வந்து பார்த்து, “ஆறு மாசம் திறக்கப்படாதும்மா. சாயங்காலம் வெளிப்படியில ஒரு அகல் ஏத்தி வெச்சா போறும்,” என்றார். பூட்டினோம். சாவியைப் பூஜை அலமாரிக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார் என் வீட்டுக்காரர்.

இதெல்லாம் பெரிதில்லை. என் மகள் அப்போது ஐந்து மாதம்.

முந்தின வருஷம் அவளுக்கு ஆறாம் மாதத்தில் ஒரு குழந்தை போய்விட்டது. இரண்டாவது இது. வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டிய நேரத்தில் வேலூரில் இருந்த சம்பந்தியம்மா, “அடைப்பு இருக்குற ஊட்டுக்கா அனுப்புறது?” என்று இழுத்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. மேலே பூட்டியிருக்கிறது, கீழே நாங்கள் இருக்கிறோம், முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்தவள் என் பெண்ணை எனக்குப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா என்று பொரிந்து தள்ளிவிட்டேன். மாசி மாதம் அவளைக் கூட்டி வந்தேன். கூட்டி வந்த அன்று வீட்டுப் படியேறும்போதுதான் எனக்கு உறைத்தது. இனி இவளுக்கு எது நடந்தாலும் அது என் வாய்க்கொழுப்பால் நடந்ததாகத்தான் இருக்கும்.

வந்து நாலைந்து நாளில் சத்தம் ஆரம்பித்தது.

எங்கள் தெரு மதியம் பன்னிரண்டு மணிக்கு அடங்கிவிடும். பௌர்ணமி தவிர மற்ற நாளில் ஆட்டோகூட வராது. அந்த நேரத்தில் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேலே நாற்காலி இழுபடும். தரையில் மரக்கால் உரசும் அந்தச் சத்தம் எனக்கு நன்றாகப் பழக்கம். அவர் உயிரோடு இருந்தபோது தினமும் அதே நேரத்துக்கு நாற்காலியை ஜன்னலுக்கு இழுத்துப் போட்டு மலையைப் பார்த்து உட்காருவார். ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு சின்ன இழுப்பு. இப்போதும் அப்படியேதான் கேட்டது. குழாயை மூடிவிட்டு நிற்பேன். பிறகு ஒன்றும் இருக்காது. அரை மணி கழித்து மறுபடி ஒரு இழுப்பு.

எலி என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். எலி நாற்காலி இழுக்குமா என்று கேட்க ஆளில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னால் அன்றைக்கே பெண்ணை வேலூருக்கு அனுப்பிவிடுவார். மகளிடம் சொல்லவே முடியாது, அவள் அந்த நேரத்தில் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பாள். வந்த புதிதில் தூக்கமே இல்லாமல் கண்ணெல்லாம் குழிவிழுந்து கிடந்தவள் இப்போதுதான் நன்றாகத் தூங்குகிறாள், முகம் தெளிந்திருக்கிறது. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. நானாக ஒரு முடிவுக்கு வந்து, மதியம் பாத்திரம் கழுவுவதையே நிறுத்தினேன். பன்னிரண்டு மணிக்கு ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்துகொள்வேன். நம்பிக்கை இல்லாதவள் செய்கிற காரியமா இது?

பங்குனியில் அவருடைய மகன் வந்தான். முப்பது வயதிருக்கும், அப்பாவைப் போலவே நீண்ட கழுத்து. லாட்ஜில் தங்கியிருந்தான். அஸ்தியை வாங்கியாயிற்று, பேப்பர் வேலையெல்லாம் முடிந்தது, இனி எங்களிடம் ஒரே ஒரு பொருள் வேண்டும் என்றான். இங்கிலீஷில்தான் பேசினோம். என் இங்கிலீஷ் லேப் இங்கிலீஷ், அவன் இங்கிலீஷ் பாதி தொண்டையிலேயே நின்றுவிடும். ஆனாலும் புரிந்தது.

மூன்று வாரத்தில் அவனுக்குக் கல்யாணம். அந்த உடுப்பில்தான் மணமகன் நிற்க வேண்டும். அந்தக் கத்தி அவன் தாத்தா கல்யாணத்தில் போட்டது, அப்பா கல்யாணத்தில் போட்டது. “அப்பா வர முடியாது, அதுவாவது வரட்டும்,” என்றான். காலுறையில் ஏன் வைக்கிறீர்கள் என்று சும்மா கேட்டு வைத்தேன். பழங்காலத்தில் அக்குளுக்குள் ஒளித்து வைத்திருப்பார்களாம். சிநேகிதர் வீட்டுக்குள் நுழையும்போது அதை எடுத்து, எல்லோர் கண்ணிலும் படும்படி காலுறையில் செருகிக்கொள்வார்களாம். உன் வீட்டில் நான் எதையும் மறைக்கவில்லை என்று அதற்கு அர்த்தம் என்றான்.

எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நாளை மதியம் வா, எடுத்து வைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவன் போன பிறகு வீட்டுக்காரர் குதித்தார்.

“இன்னும் மூணு மாசம் இருக்குது. கீழ புள்ளத்தாச்சிய வெச்சிக்கினு மேல கதவ தொறப்பியா நீ?”

“பெத்த அப்பன் பொருளக் கேக்குறான். நட்சத்திரம் சரியில்ல, ஆனி மாசம் வாடான்னு சொல்லட்டுமா?”

“ஏதாச்சும் ஒன்னு ஆச்சுன்னா?”

நான் எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தேன்.

மறுநாள் அவர் மார்க்கெட்டுக்குப் போனதும் பதினோரு மணிக்குச் சாவியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். வெளிப்படிக்கட்டு வெயிலில் காய்ந்து காலைச் சுட்டது. பூட்டு பூட்டியபடி இருந்தது. திறந்ததும் அவருடைய சோப்பு வாசனை அப்படியே வந்தது. மூன்று மாதத்துத் தூசி கட்டில் மெத்தை மேல் சாம்பலாகப் படிந்திருந்தது. கத்தி இல்லை. கத்தி இருந்த இடம் மட்டும் இருந்தது. ஒரு சாண் நீளத்துக்கு, பிடி, உறை, முனை என்று அச்சு எடுத்த மாதிரி சுத்தமாக, அங்கே மட்டும் தூசி கம்மி. நாற்காலி ஜன்னல் ஓரத்தில் மலையைப் பார்த்துக் கிடந்தது. அறையில் எல்லாவற்றின் மேலும் தூசி. நாற்காலியில் உட்காரும் இடத்தில் மட்டும் தூசி இல்லை.

எப்படிக் கீழே வந்தேன் என்று தெரியாது. நேராக மகள் அறைக்குத்தான் ஓடினேன். அவள் இடது பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தாள். ஒரு கை தலையணைக்கு அடியில் இருந்தது. என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள். தலையணை நகர்ந்தது. தேன் நிறக் கல் தெரிந்தது.

“நான்தாம்மா எடுத்தேன்,” என்றாள்.

வந்த மூன்றாம் நாளே எடுத்திருக்கிறாள். தூக்கம் வரவில்லை, கண்ணை மூடினால் போன குழந்தை ஞாபகம், இரும்பு வைத்துக்கொண்டு படுத்தால் எதுவும் அண்டாது என்று மாமியார் சொல்லி அனுப்பியிருக்கிறாள். சமையலறைக் கத்தியை எடுத்தால் எனக்குத் தெரிந்துவிடும், நான் கத்துவேன். மேலே ஒரு கத்தி சும்மா கிடப்பது ஞாபகம் வந்ததாம். அதன் பிறகு தினமும் மதியம் ஆணியில் இருந்த சாவியை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாக மாடிக்குப் போய் அந்த நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறாள்.

“அடைப்பு ரூம்ல போயா?” என்றேன்.

“போன வருஷம் நான் இங்க வந்து கெடந்தேனே, எல்லாரும் வந்து அழுதாங்க, அறிவுரை சொன்னாங்க. அவரு மட்டும்தான் ஒன்னுமே கேக்காம இன்னொரு நாற்காலிய இழுத்துப் போட்டாரு. அங்கதாம்மா எனக்குப் பயமா இல்ல.”

எனக்கு அவளை அறையலாம் போல இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. அவர் மகன் வந்துவிடுவான், குடுத்துடு என்றேன். அவள் கத்தியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“பொறக்குற வரைக்கும் தராதம்மா. இது வந்தப்புறம்தான் தூங்குறேன். இது வந்தப்புறம்தான் வயித்துல நல்லா அசையுது. நீ நம்ப மாட்ட. நம்ப வேணாம். தராத.”

ஏழு மாதம் தாண்டினால் குழந்தை அசைவு ஜாஸ்தி ஆகத்தான் செய்யும். அதற்குக் கத்தி காரணமில்லை. இதை எத்தனையோ பெண்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். அன்று சொல்லவில்லை. ஒரு வேளை, ஒரே ஒரு வேளை, நான் வாங்கிக் கொடுத்த அடுத்த நிமிஷம் அசைவு நின்றுவிட்டால்? அந்த நினைப்பு வந்த பிறகு என்னால் அந்தக் கத்தியைத் தொடவே முடியவில்லை.

பன்னிரண்டுக்கு அந்தப் பையன் வந்தான். “காணோம்,” என்றேன். அவன் நம்பவில்லை என்று நினைத்தேன், அதனால் மாடிக்குக் கூட்டிப் போனேன். அதுதான் நான் செய்த பெரிய பாவம். சும்மா பொய் சொல்லியிருந்தால் பொய்யோடு போயிருக்கும். அவனுக்கு நான் தூசியில் இருந்த அந்த அச்சைக் காட்டினேன்.

ரொம்ப நேரம் குனிந்து பார்த்தான். அறை அன்றிலிருந்து பூட்டியே இருந்ததா என்று கேட்டான். ஆமாம் என்றேன். சாவி வேறு யாரிடமாவது? இல்லை என்றேன். நாற்காலியைப் பார்த்தான், ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தான். அழுவான் என்று பயந்தேன். அவன் சிரித்தான்.

“அவரே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்,” என்றான்.

சித்திரையில் கல்யாணப் படம் அனுப்பினான். பாவாடை, தோல் பை, காலுறை எல்லாம் இருந்தது. காலுறையில் ஒன்றும் இல்லை. வேறு கத்தி வாங்கிக்கொள்ளச் சொன்னார்களாம், வேண்டாம் என்றுவிட்டானாம். விருந்தில் எல்லோரிடமும் அந்த அறையைப் பற்றியும் தூசியைப் பற்றியும் சொன்னானாம். அப்பா அங்கே சந்தோஷமாக இருக்கிறார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டதாம். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சித்திரைக் கடைசியில் பேத்தி பிறந்தாள், நல்ல எடை, நல்ல அழுகை. மகள் ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டாம் நாள் நான் மட்டும் கஞ்சி வைக்க வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரர் அவளோடு இருந்தார். மாடிச் சாவி என் கைப்பையில் இருந்தது. பன்னிரண்டு மணிக்கு மேலே நாற்காலி இழுபட்டது. ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு சின்ன இழுப்பு. கஞ்சியை அடுப்பிலேயே விட்டுவிட்டுத் தெருவில் போய் நின்றேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆனியில் அடைப்பு முடிந்து, குருக்கள் வந்து சாந்தி செய்தார். சுண்ணாம்பு அடித்தோம். யாருக்கும் வாடகைக்கு விடவில்லை. ஆவணியில் மகள் குழந்தையோடு வேலூருக்குக் கிளம்பியபோது கத்தியை எடுத்து வந்து, கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக்கூடாது என்று அடுப்பு மேடை மேல் வைத்தாள். “அவரு பையனுக்கு அனுப்பிடும்மா,” என்றாள். எப்படி அனுப்புவது? அனுப்பினால் ஒரு பொருள் அவனுக்குப் போய்ச் சேரும், ஆனால் கல்யாணத்தில் அத்தனை பேர் முன்னால் அவன் சொன்னது பொய்யாகிவிடும். அப்பாவை இரண்டாவது தடவை அவனிடமிருந்து பிடுங்கியது போல ஆகும். பீரோவில் புடவைகளுக்கு நடுவில் வைத்தேன். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் திருடி, திருடி என்று எனக்கே கேட்கும்.

கார்த்திகையில் தீபத்துக்கு மனைவியோடு வருவதாக எழுதினான். அப்பாவின் அறையிலேயே நாலு நாள் தங்க வேண்டும் என்றான். வாருங்கள் என்று எழுதினேன்.

நேரில் ஒத்துக்கொள்ள எனக்கு வாய் வராது என்று எனக்குத் தெரியும். அதனால் இன்னொரு பொய்யைத் தயார் செய்தேன். கத்தியைக் கட்டிலில் வைத்துவிடுவது. கதவைத் திறந்ததும் அவனே பார்ப்பான். அப்பா திருப்பிக் கொண்டுவந்து வைத்திருக்கிறார் என்று நினைப்பான். நினைத்துவிட்டுப் போகட்டும், பொருள் அவனுக்குச் சேர்ந்தால் போதும். அவர்கள் வரும் நாள் காலை பத்து மணிக்கு வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். நான் மாடிக்குப் போய் புது விரிப்பு விரித்து, முன்பு அச்சு இருந்த அதே இடத்தில், பிடி தலைமாட்டுப் பக்கமாக, கத்தியை வைத்தேன். மனசுக்குள், “உங்க பையன் வர்றாரு சார், குடுத்துடுங்க,” என்றேன். பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்தப் படிக்கட்டின் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். அங்கிருந்து எழுந்திருக்கவே இல்லை.

பதினொன்றரைக்கு ஆட்டோ வந்தது. நான் முன்னால் ஏறினேன், அவர்கள் பின்னால். பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினேன்.

விரிப்பு சுருக்கமில்லாமல் கிடந்தது. அதன் மேல் ஒன்றும் இல்லை.

கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். மேஜைக்கு அடியில், ஜன்னல் கம்பிக்குப் பின்னால், மெத்தையைத் தூக்கி என்று பைத்தியம் மாதிரி தேடினேன். அந்தப் பெண் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். என்ன தேடுகிறீர்கள் என்று அவன் கேட்டான். என்ன சொல்வேன்? நான் திருடினேன், இப்போதுதான் கொண்டுவந்து வைத்தேன், ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதைச் சொன்னால் கத்தி எங்கே என்றுதானே அடுத்துக் கேட்பான். ஒத்துக்கொள்ளக்கூட இப்போது என்னிடம் ஒன்றும் இல்லை.

அவன் தன் மனைவியின் தோளைத் தொட்டு, வெறும் கட்டிலைக் கையால் காட்டி, “இங்கேதான்,” என்றான்.